அம்மாவுக்கு விழுந்தது இடது கை. வலது கை ஏன் குறி தப்புது?

மல்லிப்பூ_மகள் | ஞாயிறு, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவ, இன்னைக்குத்தான் எழுதுறேன்.

அம்மாவுக்கு 61 வயசு. ஏழு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக். மூளையில வலது பக்கம் ரத்தக்குழாய் அடைப்புன்னு ஸ்கேன் பார்த்துச் சொன்னாங்க. இடது கை, கால் விழுந்துடுச்சு. கால் தேவலை, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் தானே போறாங்க. இடது கை தோள்பட்டை வரைக்கும் கொஞ்சம் தூக்கும், விரல் பிரியாது.

நான் கேட்க வந்தது அந்தக் கையைப் பத்தி இல்ல. அம்மா வலது கைக்காரங்க. கோயில் வாசல்ல இருபது வருஷம் பூ கட்டி வித்தவங்க. அந்த வலது கையை எல்லாரும் "நல்ல கை"ன்னுதான் சொல்றாங்க. ஆனா டம்ளரை மேஜை விளிம்புல வச்சு கீழே தள்ளிடுறாங்க. ஃபேன் சுவிட்ச் போடப் போனா விரல் பக்கத்து சுவிட்ச்ல போய் நிக்குது. நடுக்கம் இல்ல. கை நேரா, வேகமாத்தான் போகுது. போய் நிக்கிற இடம்தான் தப்புது. டாக்டர்கிட்ட கேட்டா, "அந்தக் கைக்கு ஒண்ணும் இல்லம்மா, பதட்டம்"னு முடிச்சிட்டார்.

இடது மூளையும் அடிபட்டிருக்குமோ? இன்னொரு ஸ்ட்ரோக் வருதோன்னு ராத்திரி தூக்கம் வரல.

---

ரூட்29_டிரைவர் | ஞாயிறு, இரவு 10:05

வாம்மா. எனக்கும் வலது மூளைதான், ஆறு வருஷம் ஆச்சு. ஒரே வழி: நல்ல கையைக் கட்டிப் போடு. உறை மாட்டி விடு. பசிச்சா விழுந்த கை தானா வேலை செய்யும். நான் அப்படித்தான் மீண்டேன். நல்ல கை எங்க போய் நிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காதே.

---

பிசியோ_கௌரி | ஞாயிறு, இரவு 10:31

டிரைவர் அண்ணா, கட்டிப் போடுற கதைக்கு அப்புறம் வரேன்.

மகளே, முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. வலது கை தடுமாற்றம் ஸ்ட்ரோக் வந்த நாள்ல இருந்தே இருக்கா, இல்ல ரெண்டு மூணு நாளா புதுசா வந்துச்சா? புதுசுன்னா இந்த இழையை மூடி வச்சுட்டு உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க.

ஆரம்பத்துல இருந்தே இருக்குன்னா இன்னும் ரெண்டு விஷயம் பாருங்க. வலது மூளை அடிபட்டவங்கள்ல நிறைய பேருக்கு இடது பக்க உலகமே கவனத்துல இருந்து நழுவிடும். தட்டுல இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும், சீப்பு தலையில வலது பாதியை மட்டும் வாரும். அம்மாவுக்கு அப்படி ஏதாவது உண்டா? ஒரு தாள்ல நீளமா கோடு போட்டு நடுவுல புள்ளி வைக்கச் சொல்லுங்க. புள்ளி ரொம்ப வலப்பக்கம் போகுதான்னு பாருங்க. டம்ளர் தப்புறது மேஜைக்கு இடது ஓரத்துல மட்டுமா, ரெண்டு பக்கமுமான்னும் கவனிங்க.

---

மல்லிப்பூ_மகள் | திங்கள், காலை 7:15

ஆரம்பத்துல இருந்தே இருக்குக்கா. ஆஸ்பத்திரியில ஸ்பூனை வாய்க்குப் பக்கத்துல கன்னத்துல இடிச்சுக்குவாங்க. மருந்து மயக்கம்னு நினைச்சோம்.

தட்டுல ஒரு பருக்கை மிச்சம் இல்ல. கோட்டுக்கு நடுவுல புள்ளி சரியா வச்சாங்க, ஒரு நூல் வலப்பக்கம், அவ்ளோதான். டம்ளர் ரெண்டு பக்கமும் தப்புது.

---

மூளைக்காரன் | திங்கள், காலை 11:48

நான் நரம்பியல்ல ஆய்வு மாணவன். டாக்டர் இல்லை, அதனால உங்க அம்மாவுக்கு இதுதான்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க எழுதின ஒரு வரி, "நேரா போகுது, நிக்கிற இடம்தான் தப்புது", அதைப் படிச்சதும் எழுந்து உட்கார்ந்துட்டேன்.

இடது மூளை வலது கைக்கு, வலது மூளை இடது கைக்குன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். பாதி உண்மை. மூளையில இருந்து தண்டுவடத்துக்கு இறங்குற இயக்க நரம்பிழைகள்ல 85 முதல் 90 சதவீதம், மூளைத்தண்டோட கீழ்ப்பகுதியான முகுளத்தோட அடியில பக்கம் மாறிடும். மிச்சம் மாறாம அதே பக்கம் இறங்கும். அது மட்டும் இல்ல, ஒரு கையை அசைக்கத் திட்டம் போடும்போதே மூளையோட ரெண்டு பாதியும், அதாவது ரெண்டு அரைக்கோளமும், பேசி வச்சுத்தான் வேலை செய்யுது. கேள்வி, யார் எதைத் தருறாங்கங்கிறதுதான்.

அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல ராபர்ட் செயின்பர்க்னு ஒரு ஆய்வாளர். 2000களின் தொடக்கத்துல இருந்து இதையே துருவிக்கிட்டு இருக்கார். வலது கைக்காரங்களுக்கு அவர் சொல்றதைத் தேங்காய் உடைக்கிறதை வச்சுச் சொல்றேன். வலது கை அரிவாளை வீசுது. வீசும்போது முழங்கை வேகமா விரிஞ்சா அதோட இழுப்பு தோள்பட்டையை உலுக்கும். அந்த உலுக்கலை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தசைகளுக்கு ஆணை கொடுக்கணும், ஏன்னா தப்பு நடந்த பிறகு திருத்த நேரம் பத்தாது. அந்த முன்கணக்கு இடது மூளையோட கைவரிசை. இடது கை என்ன பண்ணுது? தேங்காயைப் பிடிச்சிருக்கு. சும்மா பிடிக்கலை. அடி விழுற நொடியில அசையாம, வச்ச இடத்துல நிக்குது. எதிர்பாராத தள்ளு வந்தாலும் மூட்டை இறுக்கி இடத்தைக் காக்கிறது வலது மூளையோட கைவரிசை.

இப்போ முக்கியமான இடம். இந்த ரெண்டு திறமையும் அந்தந்தக் கைக்கு மட்டும் சொந்தம் இல்லை. எந்தக் கை நீண்டாலும் புறப்பாட்டுல இடது மூளையோட கணக்கும், போய்ச் சேருறதுல வலது மூளையோட பிடிமானமும் இருக்கு. அப்படின்னா ஒரு பக்கம் அடிபட்டா "நல்ல" கையிலயும் ஒரு குறை தெரியணும் இல்லையா? சிட்னி ஷேஃபர், கேத்லீன் ஹாலண்ட், செயின்பர்க் மூணு பேரும் அதைத்தான் சோதிச்சாங்க, 2007ல "பிரெய்ன்" இதழ்ல வந்தது. ஸ்ட்ரோக் வந்தவங்களோட நல்ல கையை மட்டும் அளந்தாங்க. இடது மூளை அடிபட்டவங்களுக்குப் புறப்படுற வேகத்தைத் தூரத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கிறதுல குறை. வலது மூளை அடிபட்டவங்களுக்குப் போய் நிக்கிற இடத்துல பிழை.

உங்க அம்மாவோட டம்ளரும் சுவிட்சும் ரெண்டாவது வகை மாதிரி இருக்கு. இடது மூளை கெட்டுப்போகணும்னு அவசியமே இல்லை.

---

கூட்டல்_கழித்தல் | திங்கள், மதியம் 1:20

நல்லா இருக்கு தம்பி, ஆனா சந்தேகம். இடது மூளை கணக்கு, வலது மூளை கவிதைன்னு ஊரெல்லாம் ஒரு குப்பைக் கதை சுத்துதே, அதுக்குப் புதுச் சட்டை மாட்டின மாதிரி இருக்கு. அந்த அம்மாவுக்கு ஏழு மாசமா ஒரே கையில வாழ்க்கை. களைப்பு, உட்கார்ந்தா உடம்பு ஒரு பக்கம் சாயறது, இதுவே குறி தப்ப வைக்காதா?

---

மூளைக்காரன் | திங்கள், மதியம் 2:02

நியாயமான கேள்வி. களைப்பும் சாய்வும் மட்டும்தான் காரணம்னா, எந்தப் பக்கம் அடிபட்டாலும் பிழை ஒரே மாதிரி இருக்கணும். இங்க பக்கத்துக்குப் பக்கம் பிழையோட குணமே மாறுது. அதுதான் "கவிதை மூளை" கதையில இருந்து இதைப் பிரிக்குது. ஆனா சராசரி வேற, ஒரு ஆள் வேற. உடம்புச் சாய்வைக் கழிக்காம எதையும் முடிவு பண்ணக் கூடாது, அதுல நீங்க சொல்றது சரி.

---

ராஜபாளையம்_ராணி | திங்கள், மாலை 6:37

இதைப் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. என் வீட்டுக்காரருக்கு இடது மூளை. பேச்சு போச்சு, வலது கை போச்சு. இடது கை நல்லாத்தான் இருக்கு, பிடி பலமா இருக்கு. ஆனா சீப்பைக் கொடுத்தா பல் விளக்கப் போறார். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு எம்பேர்ல வீசிட்டார். மாமியார் "புத்தி கலங்கிடுச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. பேரன் பேரு, பென்ஷன் தேதி எல்லாம் கண்ணாலயே சரியாச் சொல்றார். புத்தி எங்க கலங்குச்சு?

---

பிசியோ_கௌரி | திங்கள், மாலை 7:10

ராணி அக்கா, புத்தி கலங்கல. அப்ராக்ஸியான்னு பேரு. கைக்குப் பலம் இருக்கும், பொருள் என்னன்னு தெரியும், அதை வச்சு என்ன செய்யணுங்கிற செய்முறை மட்டும் கைக்கு வராது. 1900களின் தொடக்கத்துலயே ஜெர்மனியில ஹூகோ லீப்மன்ங்கிற மருத்துவர் இதைக் கண்டுபிடிச்சு எழுதினார். இடது மூளை அடிபட்டா இடது கையும் பழகின வேலையை மறக்குதுன்னு காட்டினவர் அவர். கைவேலையோட செய்முறைப் புத்தகம் பெரும்பாலும் இடது பக்கம்தான் இருக்கு, ரெண்டு கைக்கும் சேர்த்து.

வாயால சொல்லிக் கொடுக்காதீங்க, "சீப்பு எடு, தலை வாரு"ன்னு கட்டளை போட்டா இன்னும் குழம்புவார். அவர் கையைப் பிடிச்சு நீங்களே வாரி விடுங்க. கண்ணாடி முன்னாடி, குளிச்ச உடனே, தினமும் அதே நேரத்துல, அதே சீப்பு. மேஜையில சீப்பும் பிரஷ்ஷும் ஒண்ணா கிடக்க விடாதீங்க. மாமியாருக்கு இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டுங்க.

---

மண்வாசம் | திங்கள், இரவு 8:55

இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம். எங்க ஊர்ல புறா ரத்தம் சூட்டோட தேய்ச்சா பத்து நாள்ல கை எழுந்துரும். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.

நெறியாளர் | திங்கள், இரவு 9:01

மண்வாசம், மூணாவது எச்சரிக்கை. அடைப்பு இருக்கிறது மூளைக்குள்ள, தோல்ல இல்லை. இதுக்குப் பதில் எழுதி இழையைத் திசைதிருப்ப வேண்டாம்.

---

ரூட்29_டிரைவர் | திங்கள், இரவு 9:30

புறா வேண்டாம், சரி. ஆனா கௌரி, கட்டிப் போடுற கதைக்கு வரேன்னு சொன்னியே?

---

பிசியோ_கௌரி | திங்கள், இரவு 10:12

வந்துட்டேன் அண்ணா. நீங்க செஞ்சதுக்கு உலகத்துல நல்ல பேரு இருக்கு. எட்வர்ட் டாப்ங்கிறவர் குரங்குகளை வச்சு ஆரம்பிச்சது. 2006ல வந்த எக்ஸைட் சோதனையில 222 பேரைச் சேர்த்து, அவங்கள்ல 106 பேருக்கு ரெண்டு வாரம், விழித்திருக்கிற நேரத்துல 90 சதவீதம் நல்ல கையில உறை மாட்ட இலக்கு வச்சு, தினமும் மணிக்கணக்குல பயிற்சியும் கொடுத்துப் பலன் காட்டினாங்க. ஆனா அந்தச் சோதனைக்குள்ள வரணும்னா விழுந்த கையில மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது தானா விரியணும். உங்களுக்கு விரிஞ்சிருக்கும். இந்த அம்மாவுக்கு விரல் பிரியவே இல்லை. அவங்க நல்ல கையைக் கட்டினா அன்னைக்கு முழுக்கப் பட்டினிதான்.

என் சொந்த வருத்தம் ஒண்ணு சொல்றேன். பதினாலு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். விழுந்த கைக்கு இருபது பயிற்சி எழுதித் தருவோம், நாள் முழுக்க வேலை பார்க்கிற கைக்கு ஒரு வரி எழுத மாட்டோம். விரல் திரும்பாதவங்களுக்கு அந்த ஒரு கைதான் சோறு, சட்டைப் பொத்தான், போன், எல்லாமே. அதுல இருக்கிற குறையை நாங்க அளந்துகூடப் பார்க்கிறதில்லை.

---

மூளைக்காரன் | திங்கள், இரவு 10:40

அக்கா சொன்னதுக்கு ஒரு கொசுறு. செயின்பர்க்கும் தென்கலிஃபோர்னியாவுல கரோலி வின்ஸ்டீனும் சேர்ந்து இதைத்தான் கையில எடுத்தாங்க: கடுமையா விழுந்தவங்களுக்கு நல்ல கையைப் பழக்கு. 2021ல வந்த சிறிய முன்னோட்ட ஆய்வுல அந்தக் கையோட செயல்திறனும் அன்றாட வேலையைத் தானே செய்ற திறனும் கூடினது. சிறுசு, அதை நினைவுல வச்சுக்கணும்.

---

வெம்பிளி_வாசுகி | செவ்வாய், அதிகாலை 3:14

நான் லண்டனில ஒக்குபேஷனல் தெரபிஸ்டா வேலை செய்யிறன். ஏழு மாதம் கழிஞ்சுபோச்சு, இனி ஒண்டும் வராது எண்டு ஆரும் உங்களுக்குச் சொன்னால் நம்பாதேங்கோ. இஞ்ச குவீன் ஸ்குவேர் நரம்பியல் ஆஸ்பத்திரியில கைக்கெண்டே ஒரு திட்டம் நடத்தினவை. மூண்டு கிழமை, மொத்தம் 90 மணித்தியாலம். 2019ல அவை வெளியிட்ட கணக்கில 224 பேர், கிட்டத்தட்ட பாதிப் பேர் பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) வந்து ஒண்டரை வருசம் தாண்டினவை. அவைக்கும் முன்னேற்றம் இருந்தது, ஆறு மாதம் கழிச்சும் நிண்டது.

ஆனா 90 மணித்தியாலம் எண்டதைக் கவனியுங்கோ. கிழமைக்கு ரெண்டு தரம் அரை மணி செய்திட்டுப் பலனில்லை எண்டால் அது கையின்ர பிழை இல்லை.

---

பிசியோ_கௌரி | செவ்வாய், காலை 8:20

வாசுகி, அதோட மறுபக்கமும் சொல்லிடுறேன். இந்தியாவுல 14 ஆஸ்பத்திரியில 1250 பேரை வச்சு அட்டெண்ட்னு பெரிய சோதனை, 2017ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. வீட்டு ஆளுக்குச் சொல்லிக் கொடுத்து அவங்களே பயிற்சி கொடுத்தா மரணமும் பிறரைச் சார்ந்திருக்கிறதும் குறையுமான்னு பார்த்தாங்க. குறையலை. ஆள் பற்றாக்குறையில தவிக்கிற நமக்கு அது கசப்பான பதில். அதனால மகளே, எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது தெரிஞ்ச ஆள் வந்து பார்க்கணும்.

---

கூட்டல்_கழித்தல் | செவ்வாய், காலை 9:45

என் தங்கை கணவரை ஒரு மையத்துல காந்த சிகிச்சைக்குக் கூப்பிடுறாங்க. "நல்ல பக்க மூளை, அடிபட்ட பக்கத்தை அமுக்குது, நல்ல பக்கத்தைக் கொஞ்சம் தூங்க வச்சா கை வரும்"னு விளக்கம். பேக்கேஜ் விலை கேட்டா எனக்கே ஸ்ட்ரோக் வரும் போல. இது உண்மையா?

---

மூளைக்காரன் | செவ்வாய், காலை 10:30

விளக்கம் ஆகாயத்துல இருந்து வந்ததில்லை. ரெண்டு அரைக்கோளமும் ஒண்ணை ஒண்ணு அடக்கி வைக்கும், தராசு மாதிரி. 2004ல முராசே, லியோனார்டோ கோஹன் குழு, விழுந்த கையை அசைக்கிற நொடிக்கு முன்னாடி நல்ல பக்கத்தோட அமுக்கல் தளராம நிக்குதுன்னு காட்டினாங்க. அதுல இருந்துதான் "தூங்க வை" யோசனை.

பெரிய அளவுல சோதிச்சப்போ? நிஷ் சோதனை, 2018ல முடிவு. 199 பேர். நல்ல பக்கத்துக்கு நிஜக் காந்தத் துடிப்பு வாங்கினவங்கள்ல 67 சதவீதம் பேர் இலக்கு வச்ச முன்னேற்றத்தை எட்டினாங்க. போலித் துடிப்பு வாங்கினவங்கள்ல 65. ரெண்டு கூட்டத்துக்கும் கைப்பயிற்சி பொது. அப்போ முன்னேற்றம் எதால வந்ததுன்னு நீங்களே கணக்குப் போடுங்க, பேருலயே கூட்டல் கழித்தல் வச்சிருக்கீங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. நல்ல பக்கம் எல்லாருக்கும் எதிரி இல்லை. ஹெய்டி யோஹான்சன்-பெர்க் குழு 2002ல நல்ல பக்க மூளையில அசைவுக்குத் திட்டம் போடுற முன்னியக்கப் பகுதியைக் காந்தத்தால கணநேரம் குழப்பிப் பார்த்தாங்க. விழுந்த கை இன்னும் மெதுவாச்சு. அந்தக் கைக்கு நல்ல பக்கம் முட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கு! பாதிப்பு பெருசா இருக்கிறவங்களுக்கு முட்டைப் பிடுங்கினா கூரை இறங்கும்.

---

மல்லிப்பூ_மகள் | செவ்வாய், மதியம் 12:05

முட்டுக் கொடுக்குதுன்னா அம்மாவோட இடது தோள் கொஞ்சம் தூக்குதே, அது வலது கையோட மூளையில இருந்து வருதா? தூக்கினா முழங்கை தானா மடங்கி விரல் இன்னும் இறுகிடுது. அதுவும் இதுதானா?

---

மூளைக்காரன் | செவ்வாய், மதியம் 12:50

அருமையான கேள்வி. இருக்கலாம். பக்கம் மாறுற நேர்ப்பாதை அறுந்தா, நல்ல பக்கம் மூளைத்தண்டு வழியா ஒரு பழைய சுற்றுப்பாதையில ஆணை அனுப்புதுன்னு சிகாகோவுல ஜூல்ஸ் டெவால்ட் குழு சொல்றாங்க. அந்தப் பாதை முரட்டுப் பாதை. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா கடிதம் போடத் தெரியாது, ஊருக்கே தண்டோரா போடும். தோள் தூக்குன்னா முழங்கையும் விரலும் சேர்ந்து மடங்கும். தோள் எவ்வளவு பாரம் சுமக்குதோ அவ்வளவு மடங்கும். அதனால பாரத்தை மேஜை சுமக்கட்டும். கைக்கு அடியில துண்டு போட்டு, மேஜை மேலயே முன்னாடி தள்ளச் சொல்லுங்க. காத்துல தூக்கி நீட்டுறதை விட அதிகம் நீளும்.

சின்ன வயசுல வலிப்புக்காக ஒரு பக்க மூளையையே துண்டிச்சவங்க உண்டு. அவங்களுக்கும் எதிர்ப்பக்கத் தோளும் முழங்கையும் ஓரளவு அசையும். விரல்தான் வராது.

---

மல்லிப்பூ_மகள் | ஞாயிறு, மாலை 5:18

ஒரு வாரம் ஆச்சு, வந்து சொல்றேன்.

கௌரி அக்கா போன்ல சொன்ன மாதிரி அம்மாவை நாற்காலியில நிமிர்ந்து உட்கார வச்சு, இடது பக்கம் தலையணை முட்டுக் கொடுத்துட்டுப் பார்த்தோம். டம்ளர் தப்புறது கொஞ்சம் குறைஞ்சுது, நிக்கலை. அப்போ கூட்டல் கழித்தல் சாருக்கும் பாதி வெற்றி.

அப்புறம் மேஜையில சாக்பீஸ்ல வட்டம் போட்டு டம்ளர் வைக்கச் சொன்னேன். ரெண்டாம் நாள் அம்மா, "இது என்னடி குழந்தை விளையாட்டு, பலகையைக் கொண்டா"ன்னாங்க. பலகை மேல கோலமாவு. ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. கோடு இழுத்தா வளைவு அச்சு மாதிரி வருது, இருபது வருஷத்துக் கை. ஆனா புள்ளி வரிசையில நிக்கலை, கோடு முடியுற இடம் ஆரம்பிச்ச இடத்தோட சேரலை. "கோடு என் பேச்சைக் கேக்குது, புள்ளி கேக்க மாட்டேங்குது"ன்னாங்க. மெதுவா வச்சா கிட்டத்தட்ட சரியா வருது. அவசரப்பட்டாத்தான் தப்புது. இப்போ காலையில கால் மணி, சாயங்காலம் கால் மணி, அவங்களாவே கேட்டு வாங்கி உட்கார்றாங்க.

---

மூளைக்காரன் | ஞாயிறு, மாலை 5:40

ஒரு அம்மாவோட கோலம் நிரூபணம் ஆகாது, அதைச் சொல்லிடுறேன். ஆனா அந்த வரியை அனுமதி வாங்கிட்டு என் மேஜைக்கு மேல எழுதி ஒட்டிக்கலாமா?

---

ராஜபாளையம்_ராணி | ஞாயிறு, மாலை 6:22

அஞ்சு நாளா கையைப் பிடிச்சு வாரி விடுறேன். நேத்து நான் பாதியில கையை எடுத்துட்டேன், அவர் மீதியை வாரிக்கிட்டார். பல் விளக்குறது இன்னும் வரல.

---

ரூட்29_டிரைவர் | ஞாயிறு, இரவு 7:00

சரிம்மா, அம்மா கையைக் கட்ட வேண்டாம். என் பேச்சு வாபஸ். ஆனா அந்த இடது கையை மறந்துடாதே. எனக்கு விரல் அசையுறதுக்கு முன்னாடி ஒருத்தர் கண்ணாடி வச்சுப் பயிற்சி கொடுத்தார், நல்ல கை அசையுறதைக் கண்ணாடியில பார்க்கணும். சிரிச்சேன். ஆனா செஞ்சேன்.

---

பிசியோ_கௌரி | ஞாயிறு, இரவு 7:26

அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நம்ம ஊர்க்காரர் இருக்கார் அண்ணா. வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லியில படிச்சுட்டு கலிஃபோர்னியா போனவர். கை இழந்தவங்களோட மாயக்கை வலிக்குத்தான் முதல்ல கண்ணாடிப் பெட்டி செஞ்சார். 1999ல அவர் குழு ஒன்பது ஸ்ட்ரோக் நோயாளிகள்கிட்ட முயற்சி பண்ணி எழுதினாங்க. அதுக்கப்புறம் நிறைய வந்து, 2018ல 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்புல கை அசைவுக்கு மிதமான நம்பிக்கையோட பலன் உண்டுன்னு இருக்கு. செலவும் இல்லை.

---

மல்லிப்பூ_மகள் | ஞாயிறு, இரவு 8:11

அம்மா கேக்குறாங்க, கண்ணாடி எந்த அளவு வாங்கணும்? பீரோ கண்ணாடி உடைஞ்ச துண்டு ஒண்ணு மாடியில கிடக்கு, அது ஆகுமா?

---

ரூட்29_டிரைவர் | ஞாயிறு, இரவு 8:15

உடைஞ்ச துண்டு வேண்டவே வேண்டாம். இடது கையில உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், கிழிச்சாலும் தெரியாமப் போகலாம். கண்ணாடிக் கடையில ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி வெட்டித் தரச் சொல்லு, நாலு ஓரத்துக்கும் டேப் ஒட்டு. மோதிரம், வளையல் கழட்டிட்டு உட்காரச் சொல்லு, இல்லேன்னா கண்ணாடிக் கை அம்மா கை மாதிரியே தெரியாது.